எட்டுப் பக்கம், ஒரே இணைப்பு

பன்னிரண்டு இருபத்தாறு. 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். இனி என் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கை இன்னும் மவுஸ் மேலேயே இருக்கிறது, எடுத்தால் ஏதோ நின்றுவிடும் என்பதுபோல. திரையில் எட்டுப் பட்டைகள், பக்கத்துக்கு ஒன்று. எட்டும் வெள்ளையாக இருக்கின்றன. இன்னும் ஒரு நொடியில் இடப்பக்கத்திலிருந்து நீலம் ஏறும், எட்டிலும் சேர்ந்து ஏறும், அப்படிச் சேர்ந்து ஏறுவதற்காகத்தான் ஒன்பது மாத உழைப்பு. இத்தனை வருஷமாக மதுரை ஆபீசிலிருந்து திண்டுக்கல் அச்சகத்துக்குப் பக்கங்கள் ரேஷன் கடை வரிசை மாதிரிதான் போயிருக்கின்றன, ஒன்று உள்ளே போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தது நகரும். நாலாம் பக்கத்தில் ஜவுளிக்கடைக்காரர் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தால், பட்டுப்புடவையின் ஒவ்வொரு இழையும் தெரிய வேண்டும் என்று கோப்பு பெருத்து வழியை அடைத்துக்கொள்ளும், பின்னால் ஒன்றாம் பக்கம், அன்றைய செய்தி அத்தனையும் சுமந்துகொண்டு, கைகட்டி நிற்கும். பக்கத்துக்கு மூன்று நிமிடம், எட்டுக்கு இருபத்துநாலு. இன்றிலிருந்து அப்படி இல்லை. ஒரே இணைப்பு, அதற்குள் எட்டு ஓடைகள். புடவை தன் ஓடையில் மெதுவாக நகரட்டும், ஒன்றாம் பக்கம் தன் ஓடையில் முந்திக்கொண்டு போகும். ஒன்றாம் பக்கத்தில் சிறுத்தை. நாலு நாளாக ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் சுற்றுகிறது, ஏழு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. எங்களுடையது மாலைப் பத்திரிகை. திண்டுக்கல்லில் அச்சாகும் கட்டுகள் ஒன்று நாற்பது ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஏறியாக வேண்டும். அந்தப் பக்கம் பஸ் நிறையப் போகும், பேப்பர் கட்டு ஏற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டது அந்த ஒரு தனியார் பஸ் மட்டும்தான். அதற்கு எட்டுப் பக்கமும் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குள் அச்சகத்தில் இருக்க வேண்டும். நான் எழுதிய புது நிரல் காலை வாரினால் பழைய முறை பக்கத்துக் கணினியில் தயாராக இருக்கிறது, ஆனால் அதற்கு இருபத்துநாலு நிமிடம் வேண்டுமே, அப்படியானால் முடிவை எப்போது எடுக்க வேண்டும் என்று செய்தி ஆசிரியர் கொழுந்து சார் காலையிலேயே கழித்துப் பார்த்துவிட்டார். "முப்பத்தொண்ணு வரைக்கும் உன் ராஜ்ஜியம். அதுக்கப்புறம் பழசு. நீயே வந்து சொல்லிரணும். சரியா தவமணி?" "சரி சார்." சரி என்று எவ்வளவு லேசாகச் சொன்னேன். முப்பத்தொன்று என்பது வராத ஒரு நிமிடம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

பன்னிரண்டு இருபத்தேழு. எட்டும் வெள்ளை. பட்டைகளுக்கு மேலே ஒரு சின்னப் பச்சை வட்டம், இணைப்பு உயிருடன் இருக்கிறது என்று பொருள். அது பொய் சொல்லாது. ஐந்து நொடிக்கு ஒருமுறை இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தட்டிப் பார்த்துக்கொள்கின்றன, இருக்கிறாயா, இருக்கிறேன். அப்படி எழுதியதே நான்தான். அப்படியானால் கம்பி இருக்கிறது, பூட்டும் சாவியும் பொருந்திவிட்டன, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன, பிறகு என்ன, ஏறேன். போன் அடிக்கிறது, சவரிமுத்து அண்ணன், அச்சகத்தில் ஃபோர்மேன், நேரில் மூன்றே தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் பதினேழு வருஷமாகத் தினமும் என் காதில் இருக்கும் மனிதர். "என்ன தாயி, அனுப்பிட்டியா?" "அனுப்பிட்டேன்ணே. வருதா?" "பச்சை எரியுது. அதுக்குக் கீழ காத்திருக்கிறேன்னு எழுதியிருக்கு. அதுவும் காத்திருக்கு, நானும் காத்திருக்கேன், அச்சுத் தகடு எடுக்கிற மிஷினும் வாயைத் தொறந்துக்கிட்டு காத்திருக்கு." "ஒரு நிமிஷம் பாருங்கண்ணே." "பாக்குறேன். நீ சிறுத்தை என்னாச்சு அதைச் சொல்லு. என் தம்பி பொண்டாட்டி வீடு அந்தப் பக்கந்தான். நாலு நாளா பட்டப்பகல்ல கதவைப் பூட்டிக்கிட்டு இருக்காக. ஒண்ணுக்குப் போறதுக்கும் நாலு பேரு கம்போட துணைக்குப் போறாக." "இன்னும் தேடுறாங்கண்ணே. வாட்ஸப்ல பாக்கலியா?" "வாட்ஸப்ல ஆறு தடவை பிடிச்சுட்டாங்களே, ஆறும் ஆறு நெறத்துல இருக்கு. பேப்பர்ல வந்தாத்தான் அவுக நம்புவாக." வைத்துவிட்டார். பேப்பரில் வந்தால்தான். பேப்பர் எங்கே வரும், என் வெள்ளைப் பட்டையில் அல்லவா நிற்கிறது. கழுத்துக்குப் பின்னால் வியர்க்கிறது, ஏசி நேராக என்மேல்தான் வீசுகிறது, ஆனாலும் வியர்க்கிறது. பயமா என்று பார்த்தால் முழுக்கப் பயமில்லை. ராட்டினம் மேலே போய் ஒரு கணம் நிற்குமே, கீழே இறங்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரியுமே, அது.

பன்னிரண்டு இருபத்தெட்டு. யோசி. பதற்றப்படாமல் யோசி. என் நிரலுக்கு அடியில் ஓடும் இந்த லைப்ரரி, இந்த ஆயத்த நிரல் தொகுப்பு, நான் எழுதியது இல்லை, பெயர் தெரியாத யார் யாரோ எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து எழுதி, எடுத்துக்கொள் என்று இணையத்தில் வைத்தது. அதை முதலில் பார்த்த அன்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டைப் அடிக்க வந்தவள் நான், நாற்பத்தாறு வயதில் மூளை இப்படிக் கூத்தாடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அதன் அழகே காத்திருக்கும் விதம்தான். பழைய நிரல் காத்திருந்தால் செத்த மாதிரி நிற்கும், எதிரே பதில் வரும்வரை வேறு எதையும் தொடாது. இது அப்படியில்லை, கொழுந்து சார் மாதிரி. பெரியகுளம் நிருபர் லைனில் வரும்வரை அவர் சும்மா இருப்பதில்லை, தேனி செய்தியைத் திருத்துவார், அதற்குப் படம் வரவில்லை என்றால் தலைப்பு எழுதுவார், எது எப்போது தயாரோ அதை எடுப்பார், எதற்காகவும் நிற்பதில்லை, எதையும் மறப்பதுமில்லை. நிரலில் ஒவ்வொரு இடத்திலும் 'காத்திரு' என்று ஒரு சொல், அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு ஓட்டம். வீட்டில்கூட அதையே பேசிக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தபடியே, "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, ஆனா நல்ல பைத்தியம்" என்றார். பூட்டு எதற்கு என்றும் கேட்டார், ஒரு மணி நேரத்தில் கடையில் தொங்கப்போகிற பேப்பருக்கு ரகசியம் எதற்கு. கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான். போன வருஷம் ஒன்றாம் பக்கம் அச்சகம் போகும் வழியிலேயே யார் கையிலோ சிக்கி, தலைப்பு மாற்றப்பட்டு, எங்கள் பெயரோடு ஊரெல்லாம் சுற்றியது. அச்சாகாத ஒரு தலைப்புக்கு நாங்கள் மறுப்பு வெளியிட்டோம். அன்றிலிருந்து பூட்டு. பூட்டு. பூட்டாக இருக்குமோ. பூட்டுக்கான சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் பச்சை வட்டமே வந்திருக்காது. இணைய கம்பெனிக்காரன் இந்த வகைத் தரவுப் பொட்டலங்களைத் தடுக்கிறானோ, தடுத்திருந்தாலும் பச்சை வந்திருக்காது. எதை எடுத்தாலும் பச்சையில் வந்து முட்டுகிறேன். அந்தப் பச்சை வட்டம் இல்லாமல் ஒரு சிவப்பு வந்திருந்தால், ஒரே ஒரு பிழைச் செய்தி, ஆங்கிலத்தில் என்னை நாலு திட்டு திட்டியிருந்தால்கூட எவ்வளவு நன்றாக இருக்கும். திட்டு இல்லை. பிழை என்றே அது நினைக்கவில்லை. அதைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக இருக்கிறது.

பன்னிரண்டு முப்பது. நாற்காலிக்குப் பின்னால் கிராம்பு வாசனை, கொழுந்து சார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும், சிகரெட்டை விட்டதிலிருந்து. "ஏம்மா, ஊர்வலம் கெளம்பிருச்சா?" "இணைப்பு இருக்கு சார்." "இணைப்ப யாரு கேட்டா? பக்கத்தக் கேட்டேன்." "வந்துரும் சார்." அவர் திரையைப் பார்த்தார், எட்டு வெள்ளைப் பட்டையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தன் மேசைக்குப் போய்விட்டார். இந்த ஒன்றும் சொல்லாமல் போவது இருக்கிறதே. நான் சேர்ந்த நாலாவது வருஷம், புதன்கிழமை பேப்பரில் செவ்வாய்க்கிழமையின் ஆறாம் பக்கத்தை அனுப்பிவிட்டேன், பாதிப் பிரதி அச்சான பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் ராசிபலனை இரண்டாம் தடவை படித்த ஊர் எங்களைக் கிழித்தது. இவர் மட்டும் திட்டவில்லை. அந்தப் பக்கத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு இதே மாதிரி போனார். திட்டியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும், பதிமூன்று வருஷமாகத் தீரவில்லை. கடிகாரத்தின் நொடிமுள் எட்டைத் தாண்டுகிறது. எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். சார், பழசு. இரண்டே சொல். எழுந்தால் ஆறு எட்டு எடுத்து வைக்கும் தூரம். பழைய கணினியில் ஒரு பொத்தான், பக்கங்கள் வரிசையில் போகும், பஸ் கிடைக்கும், சிறுத்தை போகும், யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. என்னைத் தவிர. நாளைக்கு அந்த ஒன்பது மாதத்தைப் பற்றி யாரும் பேசக்கூட மாட்டார்கள், இரக்கத்தில் பேச மாட்டார்கள், அதைத்தான் தாங்க முடியாது. நொடிமுள் பத்தில். ஏதோ ஒன்று நாக்கு நுனியில் இருக்கிறது, எங்கேயோ படித்த ஒரு வாக்கியம், பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், கோரிப்பாளையம் சிக்னல், அந்த லைப்ரரியின் விளக்கக் குறிப்பில் ஒரு வாக்கியம், படித்துவிட்டுச் சிரித்தேனே, ஆமாம் இது தெரியாதா என்று சிரித்தேன், என்ன வாக்கியம் அது. நொடிமுள் பன்னிரண்டில். பன்னிரண்டு முப்பத்தொன்று. நான் எழவில்லை.

எழவில்லை என்று தெரிந்தேதான் எழவில்லை. மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன் என்று பிறகு யாரிடமும் சொல்ல முடியாது, என்னிடம்கூட. முப்பத்திரண்டு. இனிப் பழைய முறைக்குப் போனால் கடைசிப் பக்கம் ஐம்பத்தாறுக்குப் போய்ச்சேரும், பஸ் போய்விடும். என்ன தைரியத்தில் உட்கார்ந்தேன், அந்த ஒரு வாக்கியத்தின் தைரியத்தில், அது என்ன என்றும் தெரியாமல். விரல்கள் மட்டும் ஓடுகின்றன. நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன், பச்சை, எட்டு வெள்ளை. திரும்ப நிறுத்தினேன், ஓட்டினேன். ஒன்றாம் பக்கத்தை மட்டும் தனியாக அனுப்பிப் பார்த்தேன், ஒரே ஒரு வெள்ளை. நேற்று இதே கம்பியில், இதே கோப்புகளோடு, ஆறு தடவை போனது, எட்டும் நீலமாக ஏறியபோது எழுந்து நின்று கைதட்டினேன், விளம்பரப் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது. நேற்று வெயில், இன்றும் வெயில். நேற்றுப் போனது இன்று போகவில்லை என்றால் நடுவில் ஒரு கை புகுந்திருக்க வேண்டும், யார் கை, இந்த நிரலைத் தொடுவது உலகத்தில் ஒரே ஒரு கைதான், அது இப்போது மவுஸ் மேல் இருக்கிறது. காலையில் எதைத் தொட்டேன். ஒன்றையும் தொடவில்லை. தூசி தட்டினேன், அவ்வளவுதான். முதலாளி வந்து பார்த்தாலும் பார்ப்பார் என்று ஒழுங்குபடுத்தினேன். காதுக்குள் நாடி துடிப்பது கேட்கிறது, பச்சை வட்டம் துடிப்பது மாதிரியே சீராக, உயிரோடு இருக்கிறாள், ஆனால் ஒன்றும் நகரவில்லை. முப்பத்தேழு. போன்.

"தாயி, நான் ஒண்ணு கேக்கவா, கோவிச்சுக்கக் கூடாது." சவரி அண்ணன் குரலில் பதற்றமே இல்லை, இவ்வளவு வருஷம் தாமதமாகவே பக்கம் வாங்கிப் பழகிய குரல். "கேளுங்கண்ணே." "நேத்து பக்கம் வர்றதுக்கு முன்னாடி திரையில ஒரு ஹலோ வரும்ல. ஹலோ சவரி அண்ணேன்னு. பக்கத்துக்கு ஒண்ணா எட்டு ஹலோ. இன்னைக்கு அது ஒண்ணுகூட வரல. என்மேல எதுவும் வருத்தமா?" நான் நிரலை மேலே உருட்டத் தொடங்கினேன், அவர் தொடர்ந்தார். "எட்டு தடவ ஹலோ சொல்றியே, ஒரு தடவ சாப்பிட்டீங்களான்னு கேக்கக் கூடாதான்னு நேத்து சும்மாதான் சொன்னேன். நீ அதைப் போயி மனசுல." "அண்ணே, போனை வைங்க." "கோவமா?" "கோவமில்ல. நீங்க தெய்வம். வைங்க." ஹலோ. ஹலோவைத்தான் அழித்தேன். காலை பத்தேகால் மணிக்கு, அவர் கிண்டல் செய்தாரே என்று, ஆபீஸ் நிரலில் இதென்ன சிறுபிள்ளைத்தனம் என்று, அந்த ஒரு வரியை அழித்தேன். சோதனைக்காகப் போட்ட வரி, அது வேலை செய்கிற வரியே இல்லை என்று நினைத்தேன். எட்டுப் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போனது அதுதான்! இப்போது அந்த வாக்கியம் முழுசாக வந்து நிற்கிறது, கோரிப்பாளையம் சிக்னலில் நின்று படித்த வாக்கியம். நீ ஓடையைத் திறந்தாய் என்பது, அதில் நீ எதையாவது அனுப்பும்வரை, எதிர்முனைக்குத் தெரியாது. அவ்வளவுதான். யாருக்குத்தான் தெரியாது என்று சிரித்தேன். எனக்குத்தான் தெரியவில்லை. எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம், போனில் செய்தி வாசித்த காலத்திலிருந்து. அச்சகம்தான் முதலில் பேச வேண்டும். ஒருமுறை மதுரையில் ஒருவர் முக்கால் பக்கச் செய்தியை மூச்சுவிடாமல் வாசித்து முடித்தாராம், அந்தப் பக்கம் ரிசீவர் மேசையில் கிடந்திருக்கிறது, ஆளே இல்லை. அன்றிலிருந்து சட்டம், திண்டுக்கல் 'சொல்லுங்க' என்று சொல்லாமல் மதுரை வாயைத் திறக்கக் கூடாது. பதினேழு வருஷமாகச் சவரி அண்ணனின் 'சொல்லுங்க'வைக் கேட்ட பிறகுதான் நான் எதையும் அனுப்பியிருக்கிறேன். அதையே நிரலிலும் எழுதினேன், யோசிக்காமல் எழுதினேன், வேறு மாதிரி எழுதலாம் என்றே தோன்றவில்லை. ஓடையைத் திற, அந்தப் பக்கம் 'சொல்லுங்க' வரும்வரை காத்திரு. அந்தப் பக்கத்துக்கோ ஓடை திறந்ததே தெரியாது, தெரிந்தால்தானே சொல்லுங்க என்று சொல்ல. அது ஓடைக்காகக் காத்திருக்கிறது, இது சொல்லுங்கவுக்காகக் காத்திருக்கிறது, நடுவில் பச்சை வட்டம் ஐந்து நொடிக்கு ஒருமுறை நலம் விசாரித்துக்கொள்கிறது. காத்திருப்பதை இந்த லைப்ரரி பிழையாக எண்ணுவதில்லை. அதனால்தான் திட்டவில்லை. சாயங்காலம் வரை, நாளை வரை, இப்படியே மரியாதையாகக் காத்திருந்திருக்கும்.

முப்பத்தெட்டு. சிரிப்பு வருகிறது, இந்த நேரத்தில். திறந்த இடத்துக்கு அடுத்த வரி, இங்கேதான், காலையில் அழித்த இடம். என்ன எழுதுவது, எதை எழுதினாலும் போதும், ஒரே ஒரு எழுத்து போதும், அச்சகத்து நிரலை நான் தொடவில்லை, பக்க எண்ணுக்கு முன்னால் எது வந்தாலும் அது திரையில் காட்டிவிட்டுத் தள்ளிவிடும். விரல் தானாக 'அண்ணே' என்று அடிக்கிறது. அடைப்புக்குறி, முற்றுப்புள்ளி, காத்திரு. ஒரு குறியை விட்டுவிட்டேன், நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் உடனே சிவப்பில் திட்டுகிறது, திட்டு, நன்றாகத் திட்டு, எவ்வளவு சுகமாக இருக்கிறது. திருத்தினேன். கம்பைல் ஆக நாற்பது நொடி. இந்த நாற்பது நொடியில் எத்தனை தடவை டீ குடித்திருக்கிறேன், எத்தனை தடவை ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்கிறேன், இன்று மட்டும் அந்த வரிகள் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடாமல் ஒவ்வொன்றாக ஊர்கின்றன. கொழுந்து சார் பார்க்கிறாரா, திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒட்டன்சத்திரத்து நிருபரோடு போனில் பேசுவது கேட்கிறது, "கூண்டுக்குள்ள ஆடு கட்டியிருக்கா, அந்த ஆடு உசுரோட இருக்கா, அதையும் கேட்டு எழுதும்வே." முடிந்தது. நாற்பது. அனுப்பு. வெள்ளை. வெள்ளை. ஒன்றாம் பட்டையின் இடது ஓரத்தில் ஒரு மயிரிழை நீலம். கண்ணின் மாயையா. இல்லை. அது விரல் அகலமாகிறது, இரண்டாம் பட்டையில், ஏழாம் பட்டையில், எட்டிலும், நாலாம் பட்டையில் புடவை தனக்கேயுரிய சோம்பலோடு, எல்லாம் சேர்ந்து, ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்றாம் பக்கம் எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டு முன்னால். நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். போன் கதறுகிறது. "தாயி, எட்டு அண்ணே வந்திருக்கு! ஹலோவைக் காணோம், வெறும் அண்ணே அண்ணேன்னு எட்டு. ஏலம் விடுற மாதிரி." "பக்கம் வருதாண்ணே?" "வருதாவா? எதைத் தகடுல போடுறதுன்னு தெரியாம முழிக்கிறேன், ஒரேயடியா வந்தா எப்படி, நான் ஒருத்தன் தானே இருக்கேன்." நாற்பத்திரண்டுக்கு ஒன்றாம் பக்கம் முழு நீலம். நாற்பத்தேழுக்குப் புடவையும் போய்ச் சேர்ந்தது. எட்டு நிமிடம் மிச்சம். இத்தனை வருஷத்தில் இந்த ஆபீசில் நேரம் மிச்சமாகி நான் பார்த்ததே இல்லை, அதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

நேரம் மிச்சம் என்பது கொழுந்து சாருக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. ஐம்பதுக்கு அவர் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "கூண்டுல விழுந்துருச்சா? யோவ், நீரு கண்ணால பாத்தீரா, யாரும் சொல்லிக் கேட்டீரா? பாத்தீரா! படம் அனுப்பும், இப்பவே அனுப்பும்." போனைக் காதில் வைத்தபடியே ஒரு துண்டுத் தாளில் பெரிசாக எழுதினார், 'சிக்கியது சிறுத்தை'. எழுதியவர் அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "போயிருச்சே பக்கம்" என்றார், பொதுவாக, யாரிடமும் இல்லாமல். "தேடுறாங்கன்னே போகட்டும். நாளைக்குப் பாப்போம்." முப்பது வருஷப் பழக்கம் அது, போன பக்கம் போனதுதான். நான் எழுந்தேன், அந்த ஆறு எட்டு தூரத்தை இப்போது மூன்றே எட்டில் கடந்தேன். "சார், மாத்துங்க. திரும்ப அனுப்பலாம்." "அஞ்சு நிமிஷம்கூட இல்லம்மா." "மாத்துறதுக்கு எவ்வளவு நேரம் வேணும்?" "மூணரை." "எனக்கு ஒண்ணு போதும்." அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார், தமிழ் புரியாதவர் மாதிரி. பிறகு ஓடினார், அறுபதை நெருங்கும் மனிதர், பக்கம் வடிவமைக்கிறவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். தலைப்பு மாறியது, படம் ஏறியது, கூண்டுக் கம்பிக்குப் பின்னால் இரண்டு கண், மங்கலாகத்தான் இருந்தது, இருக்கட்டும். நான் சவரி அண்ணனுக்குப் போன் அடித்தேன். "ஒண்ணாம் பக்கத் தகட்டைத் தூக்கிப் போடுங்கண்ணே. புதுசு வருது." "இப்பத்தானே தாயி எடுத்தேன், சூடுகூட ஆறல." "சிறுத்தை மாட்டிக்கிச்சுண்ணே." "அப்படிப் போடு!" ஐம்பத்து மூன்று நிமிடம் ஐம்பது நொடிக்குக் கோப்பு என் கைக்கு வந்தது. புதிதாக இணைப்பு வேண்டாம், பூட்டு சாவி சம்பிரதாயம் எதுவும் வேண்டாம், அதே கம்பிக்குள் ஒன்பதாவது ஓடை, திறந்தவுடன் அண்ணே, அந்தப் பக்கத்திலிருந்து சொல்லுங்க, நீலம் தனியாக, போட்டிக்கு ஆளில்லாமல், ஒரே பாய்ச்சலில் வலது ஓரம் வரை. ஐம்பத்துநாலு நாற்பத்தெட்டு. கொழுந்து சார் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "சார், முப்பத்தொண்ணுக்கு நான் வந்து சொல்லியிருக்கணும். ஒரு பக்கம்கூட நகரல அப்போ. தெரிஞ்சேதான் சொல்லல." கிராம்பைக் கடிக்கும் சத்தம். "எனக்கும் கடிகாரம் பாக்கத் தெரியும்மா" என்றார். "நானும்தான் எந்திரிக்கல." கிளம்பும்போது, "நாளைக்கு அப்படி உக்காந்திரப்படாது, ரெண்டு பேரும்" என்றார், கேன்டீன் பக்கம் போனார்.

நான் சாப்பிடப் போகவில்லை. ஒன்பது நீலப் பட்டைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், அழகான பொருள் எதையாவது வாங்கி வந்தால் பிரிக்காமல் வைத்துக்கொண்டு பார்ப்போமே, அப்படி. ஒன்றேகாலுக்கு அச்சு ஓடத் தொடங்கியதாகச் சவரி அண்ணன் செய்தி போட்டார். ஒன்று முப்பத்தைந்துக்குக் கட்டு கட்டியாயிற்று. ஒன்று நாற்பத்துமூன்றுக்குப் போன் வந்தபோது பஸ் சத்தமும் சந்தை இரைச்சலும் கலந்து கேட்டது, அவரே ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறார். "கட்டு ஏத்தியாச்சா அண்ணே?" "ஏத்தியாச்சு தாயி. ஆனா பஸ்ஸு கெளம்பல." எனக்கு மறுபடி காதுக்குள் நாடி. "ஏன், என்னாச்சு? டயரா?" "டயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கண்டக்டர் விசிலை வாயில வச்சுக்கிட்டு ஒண்ணாம் பக்கத்தைப் படிச்சுக்கிட்டிருக்காரு. சத்தமா வேற படிக்காரு. டிரைவர் எறங்கி வந்துட்டாரு. ஒட்டன்சத்திரம் டிக்கெட் எல்லாம் ஜன்னல் வழியா தலையை நீட்டிக்கிட்டு இருக்கு. ஒரு அம்மா அழுகுது, சிரிக்கவும் செய்யுது." "மணி ஒண்ணு நாப்பத்தி மூணுண்ணே. விசிலை ஊதச் சொல்லுங்க!" "இரு தாயி, இன்னும் ரெண்டு வரிதான் இருக்கு. முடிச்சிட்டு ஊதுவாரு."